இயந்திரத்துக்கு முன்பே நேரும் தவறுகள்

மருத்துவமனை ஆய்வகத்தில் புதிதாகப் பணியில் சேர்பவர்கள் இயந்திரத்தை இயக்கக் கற்றுக்கொள்வதில் காட்டும் அக்கறையை, மாதிரி எடுக்கும் முறையில் காட்டுவதில்லை. தவறான முடிவுகளில் பெரும்பகுதி, இரத்தம் இயந்திரத்துக்குள் செல்வதற்கு முன்பே உருவாகிவிடுகிறது.

"நீங்கள்தானே லட்சுமி?" என்று கேட்டால், காது மந்தமானவரும் காய்ச்சல் மயக்கத்தில் இருப்பவரும் தலையசைத்துவிடுவார்கள், ஆகவே "உங்கள் பெயரைச் சொல்லுங்கள்" என்று கேட்டு, பதிவு எண்ணையும் ஒப்பிட வேண்டும். லேபிளை இரத்தம் எடுத்தவுடன் நோயாளியின் படுக்கையருகிலேயே ஒட்ட வேண்டும். இரத்த வகைப் பரிசோதனையில் குழாய் மாறிப்போனால், ஏற்றப்படும் இரத்தமே உயிரைப் பறித்துவிடக்கூடும்.

ஒருமுறை ஒரு மாதிரியில் பொட்டாசியம் 9-க்கு மேலும் கால்சியம் மிகக் குறைந்து 3-க்குச் சற்றுக் கூடுதலாகவும் வந்தது. இதயம் நின்றுவிடக்கூடிய அளவு அது. வார்டுக்கு ஓடிப் பார்த்தால், நோயாளி கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிவப்பு மூடிக் குழாயில் இரத்தம் குறைந்ததால், ஊதா மூடிக் குழாயிலிருந்து சிறிது ஊற்றி நிரப்பியிருந்தார்கள். ஊதாக் குழாயில் இருப்பது, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருளின் பொட்டாசிய உப்பு. அது பொட்டாசியத்தைக் கூட்டுவதோடு கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றவே கூடாது. சிரிஞ்சை வேகமாக அழுத்திக் குழாயில் பீய்ச்சினாலும் சிவப்பணுக்கள் உடைந்து பொட்டாசியம் பொய்யாக உயரும்.

உறைதல் பரிசோதனைக்கான நீல மூடிக் குழாயில் இரத்தம் 9 பங்கு, உறைதலைத் தடுக்கும் சிட்ரேட் திரவம் 1 பங்கு என்பது கணக்கு. கோடு வரை நிரம்பாவிட்டால் உறையும் நேரம் நீண்டதாகக் காட்டும். பிரிக்காமல் வைத்த இரத்தத்தில் அணுக்களே சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும் என்பதால், சர்க்கரைப் பரிசோதனைக்கு அதைத் தடுக்கும் சாம்பல் நிற மூடிக் குழாய்தான் ஏற்றது.

இயந்திரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஓட்டும், அளவு முன்பே தெரிந்த தரக்கட்டுப்பாட்டு மாதிரி வரம்பைத் தாண்டினால், உள்ளே வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதை நான் மிக மோசமான பழக்கமாகவே கருதுகிறேன். ரீஏஜென்ட் (பரிசோதனைக்கான வேதிப்பொருள்) காலாவதியாகிவிட்டதா, கட்டுப்பாட்டு மாதிரி சரியாகக் கரைந்ததா என்று காரணத்தைத் தேடி, அது சரியாகும்வரை நோயாளிகளின் முடிவுகளை நிறுத்திவைக்க வேண்டும்.

ஆபத்தான முடிவை மருத்துவருக்குத் தொலைபேசியில் சொன்னால், அவரைத் திருப்பிச் சொல்லச் செய்து, நேரத்தையும் கேட்டவர் பெயரையும் எழுதிவையுங்கள். பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடாமல், துளைபடாத வெள்ளைப் பெட்டியில் நேராகப் போடுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் 3 தவணைகளையும் போட்டுக்கொள்ளாதவர்கள் இந்த வாரமே தொடங்குங்கள்.