பதிமூன்று மாதம் ஒளித்து வைத்த ஸ்கூட்டர்

இந்தக் கோடை விடுமுறையில் எங்கள் சேகரத்து (ஒரே போதகரின் கீழ் உள்ள சபைகள்) இளைஞர்கள் எழுதிய ஏழு நாவல்கள் கையெழுத்துப் பிரதியாக என்னிடம் வந்தன. ஏழும் கிறிஸ்தவ மர்மக் கதைகள். ஒரு பழைய பாவம், அதை மூடி மறைக்கும் ஒரு நல்ல ஆத்துமா, முடிவில் கிருபை. அதில் ஐந்து பேர், இருபது வருடத்துக்கு முன்பு நான் செய்த அதே கோளாறைச் செய்திருக்கிறார்கள். படிக்கப் படிக்க எரிச்சல் வந்தது. அவர்கள் மேலா, என் மேலா என்றுதான் தெரியவில்லை.

எழுத்துப்பிழை, பக்கத்துக்கு மூன்று வசனம், நடுவில் ஒரு முழுப் பிரசங்கம் இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அதைச் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது.

செய்தவளுக்குத் தெரியும், வாசகருக்குத் தெரியாது

என் முதல் தொடர்கதை ஒரு மாத இதழில் பதினான்கு மாதம் வந்தது. நாயகி ஒரு சபைப் பொருளாளர். கணக்கில் ஐம்பது பைசா உதைத்தாலும் வீட்டுக்குப் போகமாட்டாள். ஊரே அவளை மெச்சும். ஆனால் அவளுக்குள் ஏதோ ஒன்று அரித்துக்கொண்டிருக்கிறது. என்ன அது? சொல்லமாட்டேன். "அந்த மழை இரவை அவள் நினைக்க விரும்பவில்லை" என்று முதல் மாதம் எழுதினேன். நான்காம் மாதம், "அந்த இரவு மட்டும் வராமல் இருந்திருந்தால்..." என்று மூன்று புள்ளி. ஒன்பதாம் மாதம் இன்னும் மூன்று புள்ளி. பதினான்காம் மாதம்தான் உண்மையை உடைத்தேன்: ஐந்து வருடத்துக்கு முன் மழையில் ஸ்கூட்டரில் வந்தவள் ஒரு கிழவரை இடித்துவிட்டு, நிற்காமல் போய்விட்டாள். அதே அத்தியாயத்தில் அழுதாள், ஐயர் (சபைப் போதகர்) ஜெபித்தார், கிருபை வந்தது, முற்றும்.

எனக்கு ரொம்பப் பெருமை. பாளையங்கோட்டையில் இருக்கும் பெரியம்மா கடைசி இதழை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "பதிமூணு மாசம் அவ கூடவே இருந்தேன்டே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. இப்ப வந்து மன்னிச்சிருன்னா எப்படி?"

அன்றைக்குப் புரியவில்லை. புரிய சில வருடம் பிடித்தது.

குற்றத்தைச் சுமக்கிறவர் அதை நினைக்காமல் இருக்கமாட்டார். அவருக்கு அதைத் தவிர வேறு நினைப்பே கிடையாது. அவர் தலைக்குள் நம்மை உட்கார வைத்துவிட்டு, அங்கே இருக்கும் ஒரே பொருளை மட்டும் துணி போட்டு மூடினால், அது எழுத்தாளரின் கள்ளத்தனம். அந்தப் பெண்ணின் தலையில் வேறு எதுவும் இல்லாதபோது நான் வாசகருக்கு மழையைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. பாவம் கடைசிப் பக்கத்தில்தான் தெரியும் என்றால், கிருபைக்கு மிஞ்சுவது அரைப் பக்கம். வாசகர் அப்போதுதான் அதிர்ந்து போயிருக்கிறார். இன்னும் கோபப்படக்கூட நேரம் கிடைக்கவில்லை, அதற்குள் மன்னிக்கச் சொல்கிறோம்.

தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலைப் பாருங்கள். 1866இல் வந்தது. ஆறு பாகம், ஒரு பின்னுரை. கொலை முதல் பாகத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது, நம் கண் முன்னால், கோடாலியோடு. மீதி ஐந்து பாகமும் கொலை செய்த ரஸ்கோல்னிகோவ் எப்போது, யாரிடம் சொல்வான் என்பதுதான். கடைசியில் காவல் நிலையத்துப் படியேறிப் போகிறான், அங்கே அதிகாரி ஏதேதோ பேசிக்கொண்டிருக்கிறார், இவன் ஒன்றும் சொல்லாமல் இறங்கி வந்துவிடுகிறான். வெளியே, அவன் முதலில் உண்மையைச் சொன்ன சோனியா நிற்கிறாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப மேலே போய்ச் சொல்கிறான். அந்த ஒரு மாடிப்படியில் இருக்கும் திகில் என்னுடைய பதினான்கு மாதத்தில் எங்கும் கிடையாது. கொலைகாரன் யார் என்று அங்கே ஒரு வாசகரும் கேட்கவில்லை.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். வேதாகமத்தில் இரண்டு சாமுவேல் பதினோராம் அதிகாரத்திலேயே தாவீது ராஜா செய்தது அத்தனையும் நமக்குத் தெரியும். எவன் மனைவியோடு தப்பு செய்தானோ அந்த உரியாவைக் கொல்லச் சொல்லும் கடிதத்தை உரியாவின் கையிலேயே கொடுத்து அனுப்புகிறான் என்பது உட்படத் தெரியும். அடுத்த அதிகாரத்தில் நாத்தான் தீர்க்கதரிசி வந்து, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பறித்த கதை சொல்லும்போது, அது யார் கதை என்று தெரியாத ஒரே ஆள் தாவீதுதான். அவன் கோபப்பட்டுத் தீர்ப்புச் சொல்லச் சொல்ல நமக்கு வியர்க்கிறது. "நீயே அந்த மனுஷன்" என்பது நமக்குப் புதுச் செய்தி இல்லை. இல்லாததால்தான் அப்படி இடிக்கிறது.

சரி, எப்படி மாற்றுவது? என் கதையை நான் திரும்ப எழுதியபோது முதல் பக்கத்திலேயே கிழவரை இடித்தேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வெஸ்ட்ரியில், கோயிலை ஒட்டிய அறையில், காணிக்கை எண்ணுகிறார்கள். பத்து ரூபாய் நாணயங்களை அவள் பத்துப் பத்தாக அடுக்குகிறாள். கிழவரின் மகன் உள்ளே வந்து, அப்பா நினைவாக ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை என்று கவரை நீட்டுகிறான். ரசீது போட வேண்டியது அவள். "பெயர்?" என்று கேட்க வேண்டும். அவளுக்குத் தெரிந்த பெயர். முன்பு எழுதியபடி இருந்தால் இந்தக் காட்சியில் ஒன்றுமே இல்லை, ஒரு ரசீது அவ்வளவுதான்.

ஒழுங்கான மேசை

எதிலும் குறை இருக்கக்கூடாது என்று தவிக்கிற பாத்திரத்தைக் காட்டச் சொன்னால், பென்சில்களை வரிசையாக அடுக்க வைக்கிறார்கள். அது வெறும் சுத்தம். நம் சபைகளில் இந்த நோய் பக்தியின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வரும். யாரும் நோய் என்று சொல்லமாட்டார்கள், சாட்சி என்பார்கள். அவள் ஏன் ஐம்பது பைசாவுக்காக இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்திருக்கிறாள்? இந்தக் கணக்கு நேரானால் அந்தக் கணக்கும் நேராகிவிடும் என்று எங்கோ ஓர் ஓரத்தில் நம்புகிறாள்.

சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் துறவியாக இருந்தபோது மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களைச் சொல்வது) செய்து, அதைக் கேட்ட குரு ஸ்டௌபிட்ஸையே களைக்க வைத்தவர். இப்படிப்பட்ட மனசாட்சிக்கு லத்தீனில் உள்ள 'ஸ்க்ரூபுலஸ்' என்ற சொல்லின் மூலப் பொருள் 'சின்னக் கூர்க்கல்'. செருப்புக்குள் மாட்டிய கல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நடையை எழுதினால் போதும், கல்லை எடுத்துக் காட்ட வேண்டாம்.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயிலில் பாவசங்கீர்த்தனக் கூண்டு

கிடையாது. சினிமாவில் பார்த்துவிட்டு எழுதாதீர்கள். கூண்டு கத்தோலிக்கரிடம். அங்கே கேட்டதை ஃபாதர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக்கூடாது, 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 983ஆவது விதி. உங்கள் ஃபாதர் இன்ஸ்பெக்டருக்கு ஜாடை காட்டினால் கதை அங்கேயே விழுந்தது.

சி.எஸ்.ஐ.யில் இருப்பது பொதுவான பாவ அறிக்கை. சபை முழுக்க முழங்காலில் நின்று ஒரே குரலாகச் சொல்லும், பிறகு ஐயர் மன்னிப்பை அறிவிப்பார். மர்மக் கதைக்கு இது கூண்டைவிட நல்ல இடம் என்பேன். முந்நூறு பேர் குரலுக்குள் அவள் குரல் ஒளிந்துகொள்ளலாம். வாராவாரம் சொல்லிவிட்டாள், ஒருவரிடமும் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டரிடம் ஒப்புக்கொண்டதும் கை விலங்கு, முற்றும்

காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. பழைய 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவு. கதை 2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்தால், அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 23ஆம் பிரிவு. காவலில் இருக்கும்போது அவள் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதோடு நேராகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். எங்கே புதைத்தாள் அந்த உடைந்த ஸ்கூட்டர் கண்ணாடியை? இதற்கு ஒரு அத்தியாயம் தாராளமாகக் கொடுக்கலாம்.

மாஜிஸ்திரேட்டிடம் போனால் இன்னும் நல்லது. அவர் முதலில் சொல்ல வேண்டியதே, நீ ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும் என்று இல்லை, சொன்னால் உனக்கு எதிராகப் பயன்படலாம் என்பதுதான். யோசிக்க நேரமும் கொடுப்பது வழக்கம். ஐந்து வருடம் ஓடியவளுக்கு, திரும்பிப் போகலாம் என்று சட்டமே கதவைத் திறந்து காட்டுகிறது. இதைத் தவறவிட்டு விலங்கு மாட்டுகிறீர்களே!

கனவில் இயேசு வந்து துப்புக் கொடுப்பது

வேண்டாம்.

வில்லனுக்கு மட்டும் வேற்று மதப் பெயர்

வேண்டாம். இதற்குக் காரணமும் கேட்காதீர்கள்.

கிருபை வந்ததும் எல்லாம் சரியாவது

தாவீதின் பாவம் நீங்கிற்று என்று நாத்தான் சொன்ன பிறகும் ஏழாம் நாளில் பிள்ளை செத்துப்போகிறது. நம் ஆட்களுக்கு அந்த ஏழு நாளை எழுதத் தைரியம் வருவதில்லை. என் புதிய வடிவத்தில் கிழவரின் மகன் அவளை மன்னிக்கவில்லை. கவரைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். அதைப் படித்த ஒரு தம்பி, "அப்போ கிருபை எங்கே ஐயா?" என்று கேட்டான்.

யோவான் சுவிசேஷத்தில், இயேசுவைத் தெரியாது என்று சீஷன் பேதுரு மறுதலித்த இடத்தில் கரிநெருப்பு எரிகிறது. உயிர்த்த இயேசு கரையில் மீன் வைத்துக் காத்திருக்கும் இடத்திலும் கரிநெருப்பு. அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டிலேயே இந்த இரண்டு இடத்தில்தான் வருகிறது. அந்தக் காலைச் சாப்பாட்டில் பழசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாசனை மட்டும் அதே வாசனை. தம்பிக்கு இதைத்தான் காட்டினேன். அவன் கதையில் கிருபை எந்த வாசனையோடு வரும் என்று யோசித்துக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினேன். இன்னும் வரவில்லை.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸையும் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். அவனும் குற்றத்தை ஒப்புக்கொண்டான், முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான். கேட்டவர்கள் சொன்ன பதில்: "எங்களுக்கென்ன, அது உன்பாடு." உங்கள் கதையில் இந்த வரியைச் சொல்லக்கூடிய ஆள் யார் என்று தேடுங்கள். அநேகமாக சேகரக் கமிட்டியில் இருப்பார்.

கடைசி வரியில் ஆமென்

நான் போட்டேன். அச்சில் ஆமை என்று வந்தது.