வினைல் டைல் ஒட்டும் முன்: கீழ்த்தரையை எப்படிச் சரிசெய்வது?

பசை போட்டு ஒட்டும் வினைல் டைலின் கனம் பெரும்பாலும் 2 மி.மீ. தான். ஒட்டிய அன்று வழவழவென்று இருக்கும். சில வாரம் கழித்து ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது பாருங்கள்: அடியில் கிடந்த மணல் ஒவ்வொன்றும் பரு மாதிரி எழும்பி நிற்கும், பழைய டைல்ஸின் இணைப்புக் கோடுகள் கட்டம் கட்டமாகத் தெரியும். ஓரம் தூக்கிக்கொண்டால் எல்லோரும் பசையைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் கோளாறு அதற்கும் கீழே, தரையில் இருக்கும். அதனால் டைல் வாங்கக் கடைக்குப் போகும் முன்பே தரையைச் சோதித்துவிடுங்கள். இங்கே எடுத்துக்கொள்வது 10க்கு 12 அடியில் ஒரு தரைத்தள அறை. சிமெண்ட், சிவப்பு ஆக்சைடு, மொசைக், பழைய செராமிக் எதுவாகவும் இருக்கலாம்.

படி 1: ஓதம் இருக்கிறதா?

மற்ற குறைகளைப் பிறகு எப்படியாவது சரிக்கட்டலாம். ஓதம், அதாவது தரைக்கு அடியிலிருந்து ஏறும் ஈரம், மட்டும் டைலைப் பிய்த்தெடுக்காமல் தீராது. சிமெண்ட் தரை வழியாக ஈரம் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். வினைல் அதை அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் சிமெண்டில் உள்ள காரத்தோடு சேர்ந்து பசையை இளக்கிவிடும்.

ஒன்றரை அடிச் சதுரமாகப் பாலித்தீன் தாளை வெட்டி, நாலு பக்கமும் அகலமான டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். ஒரே இடத்தில் போதாது: நடு அறை, வெளிச்சுவர் ஓரம், குளியலறைச் சுவரை ஒட்டிய மூலை என மூன்று இடம் வேண்டும். 24 மணி நேரம் கழித்துப் பிரியுங்கள். தாளின் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, தரை அந்த இடத்தில் மட்டும் கறுத்திருந்தாலோ ஓதம் உண்டு. தாளின் மேல்பக்கம் மட்டும் ஈரம் என்றால் அது அறைக் காற்றின் ஈரம்.

மே மாதத்தில் சோதித்து, காய்ந்திருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் ஏறும்போதுதான் உண்மை தெரியும். சுவரடியில் உப்பு பூத்த தடம் இருந்தால், கோடையில் தாள் என்ன சொன்னாலும் ஓதம் இருப்பதாகவே கணக்கு வையுங்கள்.

குளியலறை ஓரம் மட்டும் ஈரம் என்றால் குழாய்க் கசிவை முதலில் பாருங்கள். தரை முழுக்க என்றால், ஓதம் தடுக்கும் எபாக்ஸி (இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் பிசின்) இரண்டு கை பூச வேண்டும். இரண்டாவது கை ஈரமாக இருக்கும்போதே காய்ந்த சலித்த மணலைத் தூவுங்கள். இல்லாவிட்டால் அதன்மேல் வரும் கலவை பிடிக்காது. புதிதாகப் போட்ட கான்கிரீட்டுக்கு ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் காயவிட வேண்டும்.

படி 2: தரை பசையைப் பிடிக்குமா?

ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஐந்து நிமிடத்தில் ஊறினால் நல்லது. உருண்டையாக நின்றால் மெழுகோ எண்ணெயோ இருக்கிறது. பல வருடம் எண்ணெய் தேய்த்து மெருகேற்றிய சிவப்பு ஆக்சைடு தரையும், பாலிஷ் போட்ட மொசைக்கும் இப்படித்தான். 40 அல்லது 60 எண் தேய்ப்புக் கல்லால் பளபளப்பு முழுதும் போகத் தேயுங்கள். முகக்கவசம் கட்டாயம், சிமெண்ட் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஆசிட் ஊற்றிக் கழுவும் வழக்கம் இங்கே வேண்டாம்; தங்கிவிடும் உப்பு பசையைக் கெடுக்கும்.

பழைய டைல்ஸ் என்றால் ஒவ்வொன்றையும் மரக்கட்டையால் தட்டிப் பாருங்கள். 'பொத்' என்று கேட்டால் அடியில் பொள்ளல். அதைப் பெயர்த்தெடுத்துக் குழியைக் கலவையால் நிரப்புங்கள்.

படி 3: மேடு பள்ளம்

இங்கே பலர் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துக் குழம்புவார்கள். நம் வீடுகளில் கழுவிய தண்ணீர் ஓட வாட்டம் விட்டிருப்பார்கள். வாட்டத்தால் வினைலுக்குக் கெடுதல் இல்லை, அதை நிரப்பிக் காசை வீணாக்க வேண்டாம். பார்க்க வேண்டியது மேடு பள்ளம். கொத்தனார் மட்டம் இழுக்கும் 6 அடி அலுமினியச் சட்டத்தைத் தரையில் வைத்து, பின்னால் டார்ச் அடியுங்கள். வெளிச்சம் கசியும் இடம் பள்ளம். இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தை அடுக்கினால் சுமார் 3 மி.மீ.; அந்த இடைவெளியில் அது நுழைந்தால் சரிசெய்தே ஆக வேண்டும். பள்ளத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். மேட்டைத் தேய்த்து இறக்குங்கள்.

விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு ஒரு மாதம் கவனியுங்கள். கோட்டைத் தாண்டி நீண்டால் பிரச்சினை அஸ்திவாரத்தில் இருக்கலாம், பொறியாளரைக் கூப்பிடுங்கள். நீளாவிட்டால் உளியால் வெட்டி அகலப்படுத்தி, தூசி போக்கி, எபாக்ஸியால் அடையுங்கள். வெள்ளை சிமெண்ட், வால் புட்டி இரண்டும் கூடவே கூடாது. மெல்லிய பூச்சாகப் போட்ட வெள்ளை சிமெண்ட், கட்டில் கால் பட்டதும் பொரிந்துவிடும். புட்டி சுவருக்கானது, தரையின் பாரம் தாங்காது.

படி 4: செல்ஃப் லெவலிங் கலவை

பள்ளம் பரவலாக இருந்தாலோ, பழைய டைல்ஸ் கோடுகளை மறைக்க வேண்டுமானாலோ, ஊற்றியதும் தானே பரவி மட்டமாகும் இந்தக் கலவைதான் வழி. ஒரு சதுர மீட்டருக்கு, 1 மி.மீ. கனத்துக்கு, சுமார் 1.6 கிலோ பிடிக்கும். நம் அறை 11 சதுர மீட்டர் சொச்சம், 3 மி.மீ. போட 54 கிலோ. 25 கிலோ மூட்டை மூன்று வாங்குங்கள், பாதியில் தீர்ந்தால் ஒட்டுப்போட முடியாது.

முதலில் அந்தத் தரைக்கு உரிய ப்ரைமர். அதை விட்டால், தரை தண்ணீரை உறிஞ்சி, கலவையில் ஊசித்துளைகள் விழும். தண்ணீரை மூட்டையில் அச்சிட்டிருக்கும் அளவுப்படி அளந்தே ஊற்றுங்கள்; இளக்கமாக ஓடட்டும் என்று ஒரு சொம்பு கூட்டினால், காய்ந்தபின் மேல்பரப்பு மாவாக உதிரும். டிரில்லில் கலக்கி மாட்டி இரண்டு மூன்று நிமிடம் கலக்குங்கள். கை வேலைக்கு 15, 20 நிமிடமே கிடைக்கும், ஆகவே ஒருவர் கலக்க ஒருவர் ஊற்ற வேண்டும். மூலையில் தொடங்கி வாசலை நோக்கி வாருங்கள். முள் உருளை ஓட்டினால் காற்றுக்குமிழி போகும். சீலிங் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்துங்கள். காற்று பட்டால் மேல்பரப்பு முந்திக் காய்ந்து வெடிக்கும். கதவு உயரத்தையும் இப்போதே பாருங்கள், கலவையும் டைலும் சேர்ந்து 5 மி.மீ. ஏறும்.

மூட்டையில் சொன்ன நேரம் முழுதும் காயவிட்டு, வேக்குவம் கொண்டு தூசியை எடுங்கள். விளக்குமாறு நுண்தூளை விட்டுவிடும். உள்ளங்கையை வைத்து இழுத்துப் பாருங்கள், மாவு ஒட்டக் கூடாது. பிறகு ஒரு துண்டு டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்பில் பொடி வந்தால் பசை டப்பாவைத் திறக்க வேண்டாம்; இன்னொரு முறை தூசி எடுத்து, ஒரு கை ப்ரைமர் பூசிக் காயவிடுங்கள்.