மண்டபம் கரையில் பேஸ்பால் வீசிப் பழக

கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி நீட்டினால் நோபால், பேஸ்பாலில் அதுதான் ஆட்டமே, அதனால் பந்து போட்ட பழக்கத்தை முதலில் மறந்துவிடுங்கள். ஈரம் இறுகிய மணலில் 18.44 மீட்டர் அளந்து, மீன் பெட்டி இரண்டை அடுக்கி வைத்தால் அதுதான் குறி. பந்தில் தையல் லாடம் போல வளையும் இடத்தில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் குறுக்கே வைத்து, கட்டைவிரலை அடியில் கொடுத்து, உள்ளங்கை படாமல் பிடியுங்கள். விடும்போது விரல் நுனி தையலைக் கீழே இழுக்க வேண்டும். கச்சான் காற்று வீசும்போது அதற்கு எதிரே நிற்காதீர்கள், கண்ணில் மணல்தான் மிச்சம்.

கிரிக்கெட் வராதா? சரி, பரவாயில்லை. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணி 2008இல் எடுத்த ரிங்கு சிங்கும் (கிரிக்கெட் ரிங்கு அல்ல) தினேஷ் படேலும் ஈட்டி எறிந்தவர்கள். முழங்கையின் உள்பக்கம் வலித்தால் அன்றைக்கு நிறுத்துங்கள், 1974இல் அமெரிக்க பேஸ்பால் வீச்சாளர் டாமி ஜானுக்குத் தசைநார் அறுந்தது அங்கேதான், அடுத்த சீசன் முழுக்க அவர் ஆடவே இல்லை.