புது .22 ரைஃபிள்: தோட்டாத் தேர்விலிருந்து 50 மீட்டர் ஸீரோ வரை

.22 ரைஃபிளில் பின்னுதைப்பு அநேகமாக இல்லை, சத்தமும் குறைவு. அதனால் இது விளையாட்டுத் துப்பாக்கி என்று புதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். மேல்நோக்கிச் சுட்டால் இதன் குண்டு ஒன்றரை கிலோமீட்டரைத் தாண்டிப் போகும். கல், இறுகிய தரை, தண்ணீர் எதில் பட்டாலும் தெறித்துத் திசை மாறும். உங்கள் ஊர்ச் சட்டப்படி உரிமம் இருக்கிறது, சுடுவதற்கு அனுமதிக்கப்பட்ட களமும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் மேலே போகிறோம்.

எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரப்பியது என்றே கருதிக் கையாளுங்கள். குழல்வாய் எப்போதும் ஆபத்தில்லாத திசையில் இருக்க வேண்டும். இலக்கைக் குறிவைத்து முடிக்கும்வரை விரல் ட்ரிகருக்கு வெளியே. இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக் கூடாது. கண்ணாடியும் காதடைப்பானும் கட்டாயம்.

1. எந்தத் தோட்டா?

.22 தோட்டா ரிம்ஃபயர் வகை. இதில் தீமூட்டும் மருந்து தோட்டாவின் அடிவிளிம்புக்குள் தடவப்பட்டிருக்கும். சுத்தி ஊசி அந்த விளிம்பை நசுக்கும்போது அது பற்றிக்கொள்கிறது. விளிம்பு நசுங்க வேண்டும் என்பதால் கூட்டைத் தடிமனாகச் செய்ய முடியாது. தடிமன் இல்லாததால் அதிக அழுத்தமும் தாங்காது. சுட்ட கூட்டை வீட்டில் மறுபடி நிரப்பவும் வழியில்லை.

1887-ல் வந்த .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) தோட்டாதான் இன்றும் தொடக்கத்துக்குச் சரி. 1959-ல் வந்த .22 மேக்னம், 2002-ல் வந்த .17 ஹெச்.எம்.ஆர். இரண்டும் வேகமானவை, விலையும் கூடுதல். பழகும் காலத்தில் நிறையச் சுட வேண்டியிருக்கும். அதற்கு அவை கட்டுப்படியாகாது. ஒன்றின் தோட்டாவை இன்னொன்றின் சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) போட்டுப் பார்க்கவே கூடாது. மேக்னம் சேம்பருக்குள் எல்.ஆர். தோட்டா தளர்வாகப் போய் உட்காரும். சுட்டால் கூடு பிளந்து வாயு பின்பக்கம் பீறிடும். குழலில் பொறித்திருப்பதும் தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

எல்.ஆர்.-இலேயே சாதா வேகம், அதிவேகம் என்று உண்டு. 40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம்) குண்டு சாதா வேகத்தில் வினாடிக்குச் சுமார் 325 மீட்டரில் கிளம்பும். இது ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே. அதிவேகத் தோட்டாவில் 375 மீட்டர் அளவு. அட்டை இலக்குக்கு நாங்கள் சொல்வது சாதா வேகம்தான். அதிவேகக் குண்டு ஒலியின் வேகத்தைத் தாண்டிக் கிளம்பி, போகிற வழியில் அதற்குக் கீழே இறங்குகிறது. அந்தக் கட்டத்தில் காற்றுத் தடை மிக அதிகம். வேகமான குண்டு பக்கக் காற்றில் குறைவாகத்தானே விலகும் என்று தோன்றும். இங்கே நடப்பது நேர்மாறு.

ஒரே வகைத் தோட்டாவை மொத்தமாக வாங்கிவிடாதீர்கள். ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்து வந்த இரண்டு ரைஃபிள்கள்கூட வெவ்வேறு தோட்டாவை விரும்பும். நான்கைந்து வகைகளில் 50 தோட்டாப் பெட்டி ஒவ்வொன்று போதும்.

2. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்துதல்

முதலில் மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டி) கழற்றி, போல்ட்டை (சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் தண்டு) திறந்து, சேம்பர் காலி என்பதைக் கண்ணால் பார்த்து விரலாலும் தடவி உறுதி செய்யுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். போல்ட்டை முதலில் இழுத்துவிட்டு மேகசினைப் பிறகு கழற்றினால், இடையில் ஒரு தோட்டா உள்ளே ஏறியிருக்கலாம்.

பெரும்பாலான .22 ரைஃபிள்களில் 11 மி.மீ. பள்ளத் தண்டவாளம் இருக்கும். அதற்குரிய வளையங்களை வாங்குங்கள். ரைஃபிளைத் தோளில் வைத்து, கண்ணை மூடி, கன்னத்தை இயல்பாகப் பதித்துவிட்டுக் கண்ணைத் திறந்தால் முழு வட்டமும் நிழலில்லாமல் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் நகர்த்த வேண்டியது ஸ்கோப்பை, கழுத்தை அல்ல. வளையத் திருகுகளை ஒரே பக்கமாக இறுக்காமல் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். எவ்வளவு இறுக்கம் என்பதைத் தயாரிப்பாளர் கையேடு சொல்லும். மீறினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும். கட்டையையும் உலோகப் பகுதியையும் இணைக்கும் திருகுகளையும் கையோடு பார்த்துவிடுங்கள். குறி அலைகிறது என்ற புகார்களில் பல அங்கேதான் போய் முடிகின்றன.

சென்டர்ஃபயர் (தீமூட்டும் மருந்து தோட்டா அடியின் நடுவில் உள்ள வகை) ரைஃபிளுக்கான ஸ்கோப்புகளில் பேரலாக்ஸ், அதாவது கண் நகர்ந்தாலும் குறி நகராத தூரம், பெரும்பாலும் 100 கஜத்துக்கு வைத்திருப்பார்கள். அதை 25 மீட்டரில் பயன்படுத்தினால், கண் சற்று நகர்ந்தாலே குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகர்வது போலத் தெரியும். ரிம்ஃபயருக்கென்று 50 கஜத்தில் வைத்த ஸ்கோப்போ, பேரலாக்ஸைத் திருப்பிச் சரிசெய்யக்கூடிய ஸ்கோப்போ வாங்குங்கள்.

3. ஸீரோ வைத்தல்

ஸீரோ வைப்பது என்றால், குறிப்பிட்ட தூரத்தில் குறுக்குக்கோடு காட்டும் இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்வது. காற்றில்லாத காலை நேரம் நல்லது. ரைஃபிளின் முன்கட்டையை மணல் பையில் தாங்க விடுங்கள். குழல் எதன் மேலும் படக் கூடாது, பட்டால் குறி மாறும். பின்கட்டைக்குக் கீழே இன்னொரு சிறு பை.

போல்ட் ரைஃபிள் என்றால் போல்ட்டை உருவிவிட்டு, பின்னாலிருந்து குழல் வழியே 25 மீட்டர் இலக்கைப் பாருங்கள். கறுப்பு வட்டம் குழலின் நடுவில் இருக்கும்படி ரைஃபிளை நிறுத்தி, அதை அசைக்காமல் குறுக்குக்கோட்டையும் அதே வட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். முதல் குண்டு அட்டையிலாவது பட இது போதும்.

25 மீட்டரில் ஐந்து குண்டு சுடுங்கள். மூன்று குண்டில் தற்செயலாக நல்ல குரூப் (குண்டுத் துளைகளின் கொத்து) விழுந்து உங்களை ஏமாற்றும். ஒவ்வொரு குண்டு விழுந்ததும் ஸ்கோப்பில் குறியைச் சரிசெய்யும் திருகைத் தொடவும் வேண்டாம். ஐந்தும் முடிந்தபின் அவற்றின் நடுப்புள்ளி குறியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று ஸ்கேலால் அளந்து, அதற்கேற்பத் திருப்புங்கள். பிறகு அட்டையை 50 மீட்டருக்குக் கொண்டுபோங்கள்.

கணக்கு எளிது. ஒரு எம்.ஓ.ஏ. (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக் கோணம்) என்பது 50 மீட்டரில் 14.5 மி.மீ. வழக்கமான ஸ்கோப்பில் அந்தத் திருகின் ஒரு க்ளிக் கால் எம்.ஓ.ஏ., அதாவது 3.6 மி.மீ. குரூப்பின் நடு 30 மி.மீ. இடப்பக்கமும் 20 மி.மீ. கீழேயும் இருந்தால், வலப்பக்கம் 8 க்ளிக், மேலே 6 க்ளிக். 25 மீட்டரில் ஒரு க்ளிக் இதில் பாதியே நகர்த்தும். அதே விலகலுக்கு க்ளிக் இரட்டிப்பு.

மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, ட்ரிகரை விரல் நுனிச் சதையால் நேராகப் பின்னோக்கி அழுத்துங்கள். வெடித்த பிறகும் ஒரு நொடி அப்படியே இருங்கள். .22 குண்டு குழலைக் கடப்பது மெதுவாக. அதற்குள் தலையைத் தூக்கினால் அந்த அசைவு அட்டையில் தெரியும்.

தோட்டாவை ஒப்பிடும்போது, வகை மாற்றியதும் முதல் பத்துப் பதினைந்து குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஈயக் குண்டின் மேல் பூசிய மெழுகு வகைக்கு வகை வேறு. குழலுக்குள் புதிய மெழுகு படியும்வரை குரூப் சிதறும். அளவுகோல் வேண்டுமென்றால், சர்வதேசப் போட்டியின் 50 மீட்டர் அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. சாதாரண ரைஃபிளில் சாதாரணத் தோட்டா ஐந்து குண்டை 25 மி.மீ.க்குள் போட்டாலே தொடக்கத்துக்குத் தாராளம்.

4. அட்டை சொல்லும் குறைகள்

குரூப் செங்குத்தாக நீண்டால் மூச்சுக் கட்டுப்பாட்டையும் தோட்டாவையும் சந்தேகியுங்கள். மலிவான தோட்டாவில் வேகம் குண்டுக்குக் குண்டு மாறும். வினாடிக்கு 12 மீட்டர் வித்தியாசம் இருந்தாலே 50 மீட்டரில் சுமார் 9 மி.மீ. ஏற்ற இறக்கம் வந்துவிடும். பக்கவாட்டில் நீண்டால் காற்று அல்லது ட்ரிகரைப் பக்கமாக இழுப்பது. தனித்தனியாக இரண்டு கொத்து விழுந்தால் ஏதோ ஒரு திருகு தளர்ந்திருக்கிறது.

ட்ரிகர் அழுத்தியும் வெடிக்கவில்லையா? குழலை இலக்கின் பக்கமே வைத்து முழுதாக 30 வினாடி காத்திருங்கள், தாமதமாக வெடிக்கலாம். பிறகு போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுத்து விளிம்பைப் பாருங்கள். ஊசித் தடம் ஆழமாக இருந்தால் அந்த இடத்தில் மருந்து படியாத தோட்டா. தனி டப்பாவில் போட்டு ஒதுக்குங்கள். தடம் மெலிதாக இருந்தால் போல்ட்டுக்குள் அழுக்கோ தேய்ந்த ஊசியோ காரணம்.

இதைவிட மோசமானது ‘புஸ்’ என்ற மெல்லிய சத்தம். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்த குண்டைச் சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் கூடும். உடனே நிறுத்தி, தோட்டாக்களை எடுத்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

5. துடைப்பது

அடிக்கடி கம்பி விட்டுத் தேய்த்தால் நல்ல குழலும் கெடும். ஈயக் குண்டு குழலை அவ்வளவாக அழுக்காக்காது. குரூப் விரியத் தொடங்கும்போது, பின்பக்கமிருந்து, எண்ணெய் நனைத்த துணித்துண்டை இரண்டு மூன்று முறை இழுத்தால் போதும். கவனிக்க வேண்டியது சேம்பரின் முன்விளிம்பு. அங்கே கரி வளையமாக இறுகினால் தோட்டா முழுதாக உள்ளே போகாது, சுட்ட கூடும் வெளியே வர மறுக்கும். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கையில் ஒட்டியிருப்பது ஈயம்.

6. பயிரழிக்கும் முயல், எலிக்கு

எந்தப் பிராணியைச் சுடலாம், எந்தக் காலத்தில், யார் அனுமதியோடு என்பது இடத்துக்கு இடம் வேறு. அதை எழுத்தில் தெரிந்துகொள்ளாமல் தொடங்காதீர்கள். தோட்டா, முனையில் குழிவுள்ள ஹாலோ பாயின்ட்டாக இருக்கட்டும். முழு ஈய உருண்டை முனை துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். பிராணி அடிபட்டு ஓடிச் சாகும்.

50 மீட்டரில் ஸீரோ வைத்த சாதா வேகக் குண்டு, ஸ்கோப் குழலுக்கு 4 செ.மீ. மேலே இருந்தால், 25 மீட்டரில் சுமார் 1 செ.மீ. மேலே படும், 75-ல் 8 செ.மீ. கீழே, 100-ல் 20 செ.மீ.க்கும் கீழே. களஞ்சியத்தில் 10 மீட்டரில் நிற்கும் எலிக்கும் குண்டு 1 செ.மீ.க்கு மேல் தாழ்ந்தே போகும். கிட்டத்தில்தானே இருக்கிறது, தப்பாது என்று சுடுபவர்கள் தவறவிடுவது இதனால்தான். இவை தோராயக் கணக்கு. உங்கள் ரைஃபிளில் அட்டை வைத்துச் சரிபாருங்கள்.

தலைக்குறி மட்டும் வையுங்கள். அதற்கு 3 செ.மீ. வட்டம் வரைந்து, மணல் பை இல்லாமல், வயலில் எப்படி உட்கார்வீர்களோ அப்படியே உட்கார்ந்து சுடுங்கள். ஐந்துக்கு ஐந்தும் உள்ளே விழும் தூரம்தான் உங்கள் எல்லை. பலருக்கு அது 40 மீட்டரைக்கூடத் தொடாது. பிராணிக்குப் பின்னால் மண்மேடு இல்லையென்றாலும், அது மரக்கிளையிலோ வரப்பின் உச்சியிலோ வானத்தைப் பின்னால் வைத்து நின்றாலும், ட்ரிகரைத் தொடாதீர்கள். செத்ததை வயலில் விட்டுவிட்டும் வராதீர்கள். உள்ளே சிதறிக் கிடக்கும் ஈயத்துணுக்குகளைத் தின்னும் கழுகும் பருந்தும் நஞ்சேறிச் சாகின்றன.