குல்மார்க் பவுடரில் கேமரா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரி, பிப்ரவரியில் பவுடர் என்கிற மென்மையான புதுப்பனி விழுந்த மறுநாள், காஷ்மீரின் குல்மார்க்கில் பனிச்சறுக்குபவர்களை மலைக்கு ஏற்றும் கொண்டோலா (கேபிள் கார்) வரிசையைப் பார்த்தால் போதும். யார் என்ன தவறு செய்யப்போகிறார் என்பது முதுகுப்பையிலேயே தெரிந்துவிடும். கேமரா உடல் இரண்டு, லென்ஸ் மூன்று, பனியைத் தோண்டும் ஷவல் இல்லை. கண்ணாடி மறப்பது, மெல்லிய கையுறை போடுவது போன்றவற்றை மலையே ஒரு மணி நேரத்தில் திருத்திவிடும். அவற்றை விடுவோம்.

முதல் நாளே உச்சிக்குப் போவது

காலையில் சென்னை, சாயங்காலம் குல்மார்க்: கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர். மறுநாள் காலை கொண்டோலாவின் இரண்டாம் கட்டம் ஆளை அஃபர்வத் மலைத்தோளில், ஏறத்தாழ 3,950 மீட்டரில் இறக்கிவிடும். தலைவலியும் குமட்டலுமாக நிற்பவர் எந்தச் சரிவில் இறங்கலாம் என்று முடிவெடுக்கும் நிலையில் இருக்க மாட்டார். முதல் இரண்டு நாள் முதல் கட்டமான கொங்டூரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரிவுக்கு அடியில் நின்று படம் எடுப்பது

ஆளைக் கொல்லும் தவறு இதுதான். வருஷா வருஷம் பார்த்தாலும் எரிச்சல் குறையவில்லை.

நடப்பது இப்படி. சறுக்குபவர் கேமராவை நோக்கி வர வேண்டும், பனி அவர் தலைக்கு மேல் எழும்ப வேண்டும் என்று ஆசை. அதனால் படம் எடுப்பவர் முதலில் இறங்கி, ஓடைப்பள்ளத்தின் நடுவில் நிற்கிறார். ஸ்கீயைக் கழற்றுகிறார். பையை இறக்கி ஓரமாக வைக்கிறார். தொடையளவு பனியில் மண்டியிட்டு, ஒற்றைக் கண்ணை வியூஃபைண்டரில் புதைத்துக்கொண்டு, மேலே இருப்பவருக்குக் கையசைக்கிறார். மேலே பனி உடைந்தால் அவரால் ஓட முடியாது. ஷவலும், புதைந்தவரைக் குத்தித் தேடும் புரோப் கம்பும் பையோடு போய்விடும்.

பனி பாளமாக உடைந்து கிளம்பும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவுகளில்தான் தொடங்குகின்றன. பவுடர் படத்துக்கு எல்லோரும் தேடும் கோணமும் அதேதான். ‘நான் நிற்பது சமதளம்தானே’ என்ற சமாதானம் எடுபடாது. தலைக்கு மேலே 35 டிகிரிச் சரிவு இருந்தால், அங்கே கிளம்பும் பனி சமதளம் வரை ஓடி வந்துதான் நிற்கும். குறுகிய பள்ளமாக இருந்தால் கொஞ்சம் பனிகூட ஆளை ஆழமாக மூடிவிடும்.

கொண்டோலாவுக்குக் கீழுள்ள பிரதான கிண்ணத்தை (கிண்ணம் போல் குழிந்த சரிவை) மட்டுமே பாட்ரோல் எனும் பாதுகாப்புக் குழு பாதுகாப்பாக்கித் திறந்துவிடுகிறது. அதைத் தாண்டினால் முடிவு உங்களுடையது. 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத்தின் ஹபத்குட் பகுதியில் போலந்து நாட்டவர் இருவர் பனிச்சரிவில் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 22 அன்று கொங்டூரிக்கு அருகே ரஷ்யர் ஒருவர் இறந்தார்.

முறை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் படம் எடுப்பவருக்குப் பாதுகாப்பான இடம், பிறகு அந்த இடத்திலிருந்து தெரியும் பாதை, கடைசியில் ஃபிரேம். பக்கவாட்டில் துருத்தி நிற்கும் மேட்டு முதுகு நல்ல இடம். பனி பாயும் வழியில் இல்லாத அடர்ந்த மரக்கூட்டத்தின் ஓரமும் ஆகும். 70-200 லென்ஸ் இருந்தால் எண்பது, நூறு மீட்டர் தள்ளி நிற்கலாம். படத்துக்கும் அதுவே நல்லது. நேர் கீழேயிருந்து எடுத்தால் எவ்வளவு செங்குத்தான சரிவும் தட்டையாகத் தெரியும். பக்கத்திலிருந்து எடுத்தால்தான் சாய்வும் பனியின் ஆழமும் வரும்.

அந்த இடத்துக்குப் போவதும் ஒருவர் பின் ஒருவராகத்தான். ஒருவர் நகரும்போது மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பை முதுகிலேயே இருக்கட்டும். சறுக்குபவர் எங்கே திரும்ப வேண்டும் என்பதைப் பனி உருண்டை ஒன்றை எறிந்து குறித்து, அங்கே ஃபோகஸை வைத்துக்கொள்ளுங்கள். வாக்கி-டாக்கியோ, கம்பை உயர்த்தும் சைகையோ, ‘ரெடி’ வராமல் மேலே இருப்பவர் கிளம்பக் கூடாது. திரும்பி முடித்தவர் கேமராவுக்குப் பக்கத்தில் வந்து நின்று ‘எப்படி வந்திருக்கு?’ என்று எட்டிப் பார்ப்பது வேண்டாம். முன்பே பேசிவைத்த இடம் வரை அவர் நிற்காமல் போக வேண்டும்.

பிறகு அந்த ‘இன்னும் ஒரு தடவை’. முதல் ஆள் இறங்கியும் ஒன்றும் ஆகவில்லை என்பது சரிவு உறுதியாக இருக்கிறது என்பதற்குச் சான்று இல்லை. பாளம் மெலிந்த இடத்தில் ஐந்தாவது ஆளின் எடை பட்டும் உடையலாம். காற்று மேட்டைத் தாண்டிப் பனியைக் கொட்டிய பக்கத்தில் இந்தச் சூதாட்டமே வேண்டாம். காலடியில் ‘வும்ப்’ என்று அமுங்கும் சத்தம் கேட்டாலோ ஸ்கீ முனையிலிருந்து விரிசல் ஓடினாலோ, சாய்வு குறைந்த காட்டுப் பக்கம் போய்விடுங்கள். படம் அங்கேயும் கிடைக்கும்.

பீக்கன் மேலேயே கேமரா

மார்பில் பீக்கன், அதற்கு மேலேயே நெஞ்சுப் பையில் கேமரா. பீக்கன், பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க 457 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்பும், தேடும் கருவி. கேமரா, போன், சூடாக்கும் கையுறை எல்லாம் அதன் சிக்னலைக் குழப்பும். அனுப்பும் நிலையில் குறைந்தது 20 சென்டிமீட்டர் இடைவெளி, தேடும் நிலையில் 50 சென்டிமீட்டர். கேமராவை முதுகுப்பைக்கு மாற்றுங்கள், அல்லது பீக்கனை ஜிப் வைத்த கால்சட்டைப் பையில் பத்திரப்படுத்துங்கள். போனை எதிர்ப்பக்கம் போடுங்கள். தேடும்போது அணைத்துவிடுங்கள். பனிக்குள் பத்து நிமிடம் தாண்டினால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகச் சரிகிறது. தவறான சிக்னலைத் துரத்த நேரம் கிடையாது.

மரத்தடியில் தனியாக ஒதுங்குவது

ஃபர் மரங்களின் தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் பனி இறுகாமல் குழியாக இருக்கும். தலைகீழாக விழுந்தால் தானாக வெளியே வர முடியாது. காட்டுக்குள் இரண்டிரண்டு பேராக, குரல் கேட்கும் தூரத்தில்.

சாம்பல் பனி

வெள்ளையைக் கேமரா சாம்பலாக்கவே பார்க்கும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1-இல் தொடங்கி, வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்து ஏற்றுங்கள். வலது ஓரம் முட்டினால் குறைத்துவிடுங்கள். முழுக்க வெளுத்துப்போன பனியில் விவரம் திரும்ப வராது. ஷட்டர் 1/1000-க்குக் கீழே இறங்கினால் தெறிக்கும் துகள்கள் கலங்கிவிடும். வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்தால் பனியில் மடிப்பே தெரியாது. பக்க வெளிச்சம் அல்லது எதிர் வெளிச்சம் தேடுங்கள். மேகம் மூடிய நாளில் மரங்களுக்கு இடையே போனால்தான் கண்ணுக்கும் கேமராவுக்கும் பிடிமானம் கிடைக்கும்.

ட்ரோன்

எடுத்துக்கொண்டு வராதீர்கள். எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு பக்கத்தில்.

சாட்டிலைட் கருவி

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பையில் போட்டுக்கொண்டு வரும் சாட்டிலைட் போன், மெசேஜ் கருவி எல்லாவற்றுக்கும் இந்தியாவில் முன் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே சிக்கல்.

ப்ரீபெய்டு சிம்

தமிழ்நாட்டில் வாங்கியது காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேண்டும்.

குளிரிலிருந்து நேராக ஹீட்டர் அறைக்கு

வெளியே பேட்டரி குளிரில் சுருண்டுவிடும். இரண்டு மூன்று உபரி பேட்டரிகளைச் சட்டையின் உட்பையில் வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். சூடேறியதும் பழையதிலும் கொஞ்சம் உயிர் மிச்சம் இருக்கும். லென்ஸில் விழுந்த பனியை வாயால் ஊதாதீர்கள். மூச்சின் ஈரம் கண்ணாடியிலேயே உறைந்துவிடும். பிரஷ் போதும்.

அறைக்குள் நுழையும் முன் கேமராவைக் காற்றுப் புகாத ஜிப் பையில் மூடிவிடுங்கள். அப்போது ஈரம் பைக்கு வெளியே படியும், லென்ஸுக்குள் போகாது. இரண்டு மூன்று மணி நேரம் திறக்கக் கூடாது. அதுவரை பொறுமை இல்லாதவர்கள் மெமரி கார்டை வாசலிலேயே கழற்றிக்கொள்ளலாம்.