பாலியில் ஏடிவியா, ஜீப்பா, பகியா? முதல்முறை போகிறவர்கள் தேர்ந்தெடுப்பது எப்படி

பாலிக்கு டிக்கெட் போட்ட மறுநாளே போனில் வீடியோக்கள் வரிசைகட்டும். சேறு தெறிக்க ஏடிவி ஓட்டும் ஜோடி, பழைய லேண்ட் குரூசர் கூரைமேல் போர்வை போர்த்தி உதயம் பார்க்கும் நண்பர்கள், வயல்வெளி நடுவே மஞ்சள் நிற வோக்ஸ்வாகனில் போகும் குடும்பம். ஏஜென்டிடம் கேட்டால் எல்லாவற்றையும் 'ஆஃப்ரோடு டூர்' என்ற ஒரே தலைப்பில் பிடிஎஃப் ஆக அனுப்பிவிடுவார். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உடம்புக்கும் பர்ஸுக்கும் தூக்கத்துக்கும் ஒவ்வொன்றும் வேறு வேறு கணக்கு. முன்பின் ஏடிவியைத் தொட்டதே இல்லாதவர்களுக்காக இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: ஓட்டப் போவது யார்?

மற்ற எல்லாவற்றையும் இந்தக் கேள்விக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வகை வண்டிகள் இருக்கின்றன. இரண்டை நீங்கள் ஓட்ட வேண்டும், இரண்டில் உட்கார்ந்து வந்தால் போதும்.

ஏடிவிக்கு நான்கு சக்கரம், பைக் மாதிரி ஹேண்டில்பார், கால் இரண்டு பக்கமும் போட்டு உட்காரும் சீட். கியர் கிடையாது. ஆக்ஸிலரேட்டரைத் திருக வேண்டாம், வலது கட்டைவிரலால் ஒரு சின்ன லீவரைத் தள்ள வேண்டும். லைசென்ஸ் எதுவும் கேட்க மாட்டார்கள்.

பகி, சிலர் யுடிவி என்றும் சொல்வார்கள். இதில் ஸ்டியரிங், பெடல், பக்கத்து சீட், சீட் பெல்ட் எல்லாம் உண்டு, தலைக்கு மேலே இரும்புக் கம்பிக் கூண்டும் உண்டு. கார் ஓட்டத் தெரிந்தவருக்கு ஐந்து நிமிடத்தில் கை வந்துவிடும்.

ஜீப் என்று கின்டாமணி என்ற எரிமலைப் பகுதியில் சொல்வது பெரும்பாலும் பழைய டொயோட்டா லேண்ட் குரூசரையோ சுசுகி ஜிம்னியையோதான். ஓட்டுவது உள்ளூர் டிரைவர். நான்கு பேர் வரை ஏறலாம்.

கடைசியாக வோக்ஸ்வாகன் 181, மேல்கூரையைக் கழற்றிவிடும் தகரப் பெட்டி போன்ற கார். இந்தோனேசியாவில் ஒரு காலத்தில் வட்டார அதிகாரிகளுக்கு இதைக் கொடுத்திருந்தார்கள். அங்கே அந்த அதிகாரிக்கு 'சமாட்' என்று பெயர், அதனால் வண்டிக்கும் 'விடபிள்யூ சமாட்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு கிராமத்துச் சாலைகளில் சுற்றுகிறது. கரடுமுரடு என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான், முக்கால்வாசி தார் ரோடு. அம்மா அப்பாவோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை.

படி 2: யார் யார் வருகிறார்கள் என்று எழுதிப் பாருங்கள்

கர்ப்பிணிகள், முதுகுவலி, கழுத்துவலி, இதய நோய் உள்ளவர்கள் ஏடிவி, பகி இரண்டையும் விட்டுவிட வேண்டியதுதான். கின்டாமணியில் உள்ள பாத்தூர் எரிமலைக்குப் போகும் ஜீப்பும் இவர்களுக்கு வேண்டாம் என்பேன். 'ஜீப்தானே, உட்கார்ந்து வருவதுதானே' என்று நினைப்பார்கள். எரிமலைக் கற்கள்மேல் பழைய காலத்து சஸ்பென்ஷன் ஒரு குலுக்கு குலுக்கினால் நடு முதுகில் தெரியும்.

குழந்தைகள் விஷயத்தில் நான் கறார். பின் சீட்டில் குழந்தையை ஏற்றிக்கொள்ளப் பல இடங்களில் அனுமதிக்கிறார்கள். அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமோ 16 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெரியவர்களுக்கான ஏடிவியில் ஏறவே கூடாது என்கிறது. காரணம் எளிது. ஏடிவி கவிழாமல் இருப்பது ஓட்டுகிறவர் உடம்பைச் சாய்த்து எடையை இடம் மாற்றுவதால்தான். வண்டியின் எடை ஆளின் எடையைப் போலப் பல மடங்கு, ஒரு பக்கம் புரண்டால் மேலேயே விழும். பின்னால் இருக்கும் ஏழு வயதுப் பையனுக்கு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று எப்படித் தெரியும்? குழந்தையோடு போனால் ஜீப் அல்லது விடபிள்யூ. அதிலும் சீட் பெல்ட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு.

இதே காரணத்துக்காக, ஜோடியாகப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஒரே ஏடிவியில் இரண்டு பேர் போகும் 'டேன்டம்' பேக்கேஜ் விலை குறைவு, அதனால் கவர்ச்சியாக இருக்கும். முதல்முறை ஓட்டுகிறவர் பின்னால் ஆளை வைத்துக்கொண்டு பழகுவது சரிவராது. ஆளுக்கு ஒரு வண்டி எடுங்கள். ஒருவருக்கு ஓட்டப் பயமாக இருந்தால் இருவரும் பகிக்குப் போங்கள்.

படி 3: எரிமலையா, வயல்காடா?

பாலியில் இந்த டூர்கள் இரண்டு இடங்களைச் சுற்றித்தான் அதிகம். ஏடிவியும் பகியும் பெரும்பாலும் உபுத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஓடுகின்றன. நெல்வயல் வரப்பு, மூங்கில் தோப்பு, ஓடை, சேற்றுக்குழி, குகைபோல வெட்டிய சுரங்கப்பாதை என்று கலவையாக இருக்கும். ஜீப் ஓடுவது வடகிழக்கே கின்டாமணியில், பாத்தூர் எரிமலையின் மடியில்.

பாத்தூரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நிறையப் பேர் குழம்புவது இங்கேதான். அதன் உயரம் 1,717 மீட்டர். ஜீப் உச்சி வரை போகாது. சரிவில் ஒரு காட்சி முனை வரை ஏற்றிக்கொண்டு போய் நிறுத்துவார்கள், அங்கிருந்து உதயம் பார்ப்பீர்கள். உச்சிக்குப் போக வேண்டுமென்றால் நடந்து ஏறும் டிரெக்கிங்தான், அது தனி பேக்கேஜ், சுமார் இரண்டு மணி நேர ஏற்றம். விளம்பரப் படத்தில் பள்ளத்திலிருந்து புகை கிளம்புவதைக் காட்டி ஜீப் டூர் விற்றால், அந்தப் படம் எங்கே எடுத்தது என்று கேளுங்கள்.

உதயம் முடிந்ததும் கீழே கருங்குழம்புக் காட்டுக்கு, அதாவது 'பிளாக் லாவா' பகுதிக்கு, இறக்குவார்கள். 1963 வெடிப்பில் வழிந்து உறைந்த பாறைகள் இவை, கண்ணுக்கெட்டிய தூரம் கரேல் என்று கிடக்கும். என்னைக் கேட்டால் உதயத்தைவிட இதுதான் பார்க்க வேண்டியது. 1926-ல் இதே எரிமலை பாத்தூர் கிராமத்தையே மூடிவிட்டது. ஊரும் ஊர்க்கோயிலும் மேலே, எரிமலையைச் சுற்றியுள்ள பெரும்பள்ளத்தின் விளிம்புக்கு இடம்பெயர்ந்தன. இன்று அங்கே நிற்கும் உலுன் தானு பாத்தூர் கோயில் அந்த வரலாறுதான். எரிமலைக்குப் பக்கத்தில் உள்ள பாத்தூர் ஏரியின் தெய்வத்துக்கான கோயில் அது. ஜீப் டூரில் அதைச் சேர்க்க மாட்டார்கள், டாக்ஸிக்காரரிடம் தனியாகச் சொல்லி வையுங்கள். இடுப்பில் சரோங் என்ற லுங்கி போன்ற துணியைக் கட்டித்தான் உள்ளே போக முடியும்.

இனி தூக்கக் கணக்கு. பாலியில் சூரியன் ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஆறு, ஆறரைக்கு உதிக்கும். உபுத்தில் தங்கியிருந்தால் கின்டாமணிக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், தெற்குக் கடற்கரையில் குட்டா பக்கம் தங்கியிருந்தால் விடிகாலையில்கூட இரண்டு மணி நேரம். அப்படியானால் குட்டாவிலிருந்து இரண்டு, இரண்டரைக்கே கார் வந்து நிற்கும். பாலி நேரம் நம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. வந்து இறங்கிய மறுநாளே போனால் உங்கள் உடம்புக்கு அது இரவு பன்னிரண்டு மணிகூட ஆகியிருக்காது. இதை மூன்றாம் நாளுக்குத் தள்ளுங்கள், அதற்கு முந்தைய இரவு உபுத்திலேயே தங்குங்கள்.

தூக்கத்தைக் கெடுக்க மனமில்லையா? அதே ஜீப்புகள் பகலிலும் மாலையிலும் ஓடுகின்றன. கருங்குழம்புக் காடு காலை பத்து மணிக்கும் அதே கருப்புதான். வயதானவர்களோடு போகும்போது பகல் டூரையே சொல்வேன்.

ஏஜென்ட் ஒருவர் 'காலையில் ஜீப், மதியம் ஏடிவி, மாலையில் ஊஞ்சல்' என்று ஒரே நாளில் அடுக்கித் தருவார். இரண்டு மணிக்கு எழுந்தவன் மதியம் சேற்றில் ஏடிவி ஓட்டக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் கட்டைவிரல் சொன்ன பேச்சைக் கேட்காது.

படி 4: மாதத்தைப் பாருங்கள்

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பொதுவாக மழை குறைவு. நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். எரிமலை உதயத்துக்கு மழைக்காலம் சூதாட்டம், மேகம் மூடினால் பணம் திரும்பாது. ஏடிவிக்கு நேர்மாறு, சேறு அதிகம் என்றால் விளையாட்டும் அதிகம். ஆனால் வழுக்கலும் அதிகம், அதனால் மழை மாதத்தில் முதல்முறை ஓட்டுகிறவர் குட்டையான பாதையைக் கேட்டு வாங்கலாம்.

நியேபி என்ற மௌன தினத்தை மட்டும் கவனியுங்கள். பெரும்பாலும் மார்ச்சில், அமாவாசையை ஒட்டி வரும். அன்று 24 மணி நேரம் விமான நிலையமே மூடியிருக்கும், நீங்கள் ஹோட்டலை விட்டு வெளியே வர முடியாது. எந்த டூரும் கிடையாது.

பாத்தூருக்குப் போவதற்கு முந்தைய நாள் எரிமலையின் எச்சரிக்கை நிலையையும் பார்த்துவிடுங்கள். இந்தோனேசிய அரசின் மக்மா இந்தோனேசியா தளம் அதை நான்கு நிலைகளாகக் காட்டும். முதல் நிலை என்றால் இயல்பு. இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் எந்தப் பகுதி மூடியிருக்கிறது என்று விசாரித்த பிறகே கிளம்புங்கள்.

படி 5: விலையைப் பிரித்துக் கேளுங்கள்

ஏடிவி விலை பொதுவாக ஆளுக்கு, ஜீப் விலை பெரும்பாலும் வண்டிக்கு. இரண்டு பேர் போனாலும் நான்கு பேர் போனாலும் ஜீப்புக்கு ஒரே தொகையாக இருக்கலாம், அதனால் நான்கு பேர் சேர்ந்தால் ஜீப் சட்டென்று மலிவாகிவிடும். சில ஏஜென்டுகள் இதையும் ஆளுக்கு என்று மாற்றி விற்பார்கள். 'இது ஒரு ஜீப்புக்கா, ஒரு ஆளுக்கா?' என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டு, பதிலை அழிக்காமல் வைத்திருங்கள்.

அதே மெசேஜில் இன்னும் சிலவற்றைக் கேட்டுவிடலாம். ஹோட்டல் பிக்கப் எந்தப் பகுதி வரை இலவசம்? கின்டாமணி நுழைவுக் கட்டணம் இதில் அடக்கமா? ஏடிவி என்றால் சக்கரம் சுற்றும் நேரம் எவ்வளவு? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். 'நான்கு மணி நேர டூர்' என்பதில் பயணம், உடை மாற்றுதல், சாப்பாடு எல்லாம் சேர்ந்திருக்கும். உண்மையில் ஓட்டுவது ஒன்றரை, இரண்டு மணி நேரமாக இருந்தால் முதல்முறைக்கு அது தாராளம். கைமணிக்கட்டு அதற்குமேல் தாங்காது.

சாப்பாடு அடக்கம் என்றால், சைவம் என்பதை முந்தைய நாளே சொல்லுங்கள். நாசி கோரெங் என்ற வறுத்த சோற்றில் முட்டையும் கோழியும் வேண்டாம் என்றால் புரிந்துகொள்வார்கள். ஆனால் தொட்டுக்கொள்ள வைக்கும் சம்பலில் தெராசி என்ற இறால் விழுது இருக்கும், அதையும் பெயர் சொல்லி வேண்டாம் என்க வேண்டும்.

படி 6: இன்ஷூரன்ஸ்

டூர்க்காரர் 'இன்ஷூரன்ஸ் அடக்கம்' என்பார். எவ்வளவு தொகைக்கு, எதற்கு என்று கேட்டால் பல நேரம் சிரிப்புதான் பதில். நீங்கள் ஊரில் எடுத்த டிராவல் பாலிசியைத் திறந்து, எதற்கெல்லாம் பணம் தரமாட்டோம் என்ற பட்டியலைப் படியுங்கள். சாகச விளையாட்டு, குவாட் பைக் (ஏடிவிக்கு இன்னொரு பெயர்) என்ற சொற்கள் அங்கே இருந்தால், கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க முடியுமா என்று கிளம்பும் முன்பே கேளுங்கள். பாலியிலிருந்து போன் போட்டுக் கேட்டால் நேரம் கடந்திருக்கும்.

படி 7: ஏடிவிதான் என்று முடிவானால், முதல் பத்து நிமிடம்

மூடிய ஷூ, நனைந்தால் கவலையில்லாத பேன்ட், மாற்று உடை. தாலிச் சங்கிலியையும் துப்பட்டாவையும் லாக்கரில் வையுங்கள். ஹெல்மெட் வாரை மாட்டித் தலையை ஆட்டிப் பாருங்கள், ஆடினால் வேறு கேளுங்கள். ஜீப்புக்கு இதெல்லாம் வேண்டாம், ஆனால் ஸ்வெட்டர் வேண்டும். கின்டாமணி விளிம்பு சுமார் 1,500 மீட்டர் உயரம், விடியற்காலை ஊட்டி மாதிரி நடுக்கும்.

நம்மவர்களுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. ஸ்கூட்டர் ஓட்டிப் பழகிய கால், வண்டி சாய்கிறது என்று தெரிந்தவுடன் தரையில் ஊன்றப் பார்க்கும். ஏடிவியில் ஊன்றினால் பின்சக்கரம் அந்தக் காலின்மேலேயே ஏறும். என்ன ஆனாலும் கால் மிதியடியிலேயே இருக்கட்டும்.

வளைவும் ஸ்கூட்டர் மாதிரி இருக்காது. பெரும்பாலான ஏடிவிகளில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் ஒரே வேகத்தில் சுற்றுவதால் வண்டி நேரே போகவே அடம்பிடிக்கும். வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலைத் தெளிவாகத் திருப்பி, உடம்பை வளைவின் உள்பக்கம் சாய்க்க வேண்டும். ஏற்றத்தில் முன்னே குனியுங்கள், இறக்கத்தில் பின்னே சரியுங்கள். குண்டு குழியில் அதிர்ந்தால் கட்டைவிரல் தானாக லீவரை அழுத்திவிடும், அப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, விரலை முழுதாக எடுப்பது.

கிளம்பும் முன் சமதரையில் இரண்டு சுற்று ஓட்டவும், பிரேக் அடித்துப் பார்க்கவும் விடுவார்களா என்று கேளுங்கள். விடாத இடத்தில் ஓட்டாதீர்கள். முன்னால் போகும் கைடு வேகம் கூட்டினால் 'பெலான் பெலான், ப்ளி' என்று கத்தலாம், மெதுவாகப் போங்கள் அண்ணா என்று அர்த்தம், உடனே குறைப்பார். அந்த இரண்டு சுற்றிலேயே கை நடுங்கினால் அங்கேயே சொல்லிவிடுங்கள். கைடு ஓட்டி நீங்கள் பின்னால் உட்காரும் ஏற்பாடு இருக்கிறதா, அல்லது பகிக்கு மாற்றித் தருவார்களா என்று கேட்கலாம், வித்தியாசத் தொகையை மட்டும் கட்டினால் போதும் என்று பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.