ஒரு கணினியில் உட்கார்ந்து வேறு புரோசசர்களுக்கு நெட்பிஎஸ்டி கட்டுவது

ஹட்டனில் என்னிடம் படிக்க வரும் உயர்தரப் பிள்ளைகளின் இயந்திரங்கள் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஒரு பிள்ளையிடம் 32 பிட் பழைய லெப்டொப், இன்னொரு பிள்ளையிடம் ராஸ்பெரி பை 3 என்ற கையடக்கச் சிறு கணினி. வெறும் 1 ஜிபி நினைவகம் உள்ள ராஸ்பெரி பையில் முழுப் பணிசெயல் முறைமையையும் கொம்பைல் செய்வது, அதாவது மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றுவது, அந்தப் பிள்ளையின் பொறுமையைத்தான் சோதிக்கும். அதனால் என் மேசையில் லினக்ஸ் ஓடும் 64 பிட் கணினியிலேயே எல்லாருக்கும் கட்டுகிறேன்.

யுனிக்ஸ் வகைப் பணிசெயல் முறைமையான நெட்பிஎஸ்டியை எடுத்ததற்குக் காரணம் சிக்னல். தோட்டத்துப் பக்கம் இணையம் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. லினக்ஸ் முறைமையைக் கட்டித்தரும் பில்ட்ரூட் போன்ற கருவிகள், முன்பே இறக்கி வைக்காவிட்டால், கட்டும் நேரத்தில் பொதிகளை இணையத்தில் தேடும். நெட்பிஎஸ்டியின் மூலநிரலுக்குள் ஜிசிசி கொம்பைலரே அடங்கியிருக்கிறது. டவுனில் நல்ல வைஃபை கிடைக்கும்போது 10.1 பதிப்பின் நான்கு மூலக் கோப்புகளையும் (எஸ்ஆர்சி, சிஸ்எஸ்ஆர்சி, க்னூஎஸ்ஆர்சி, ஷேர்எஸ்ஆர்சி) இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு இணையமே வேண்டாம். லினக்ஸில் சி, சி பிளஸ் பிளஸ் கொம்பைலர்களும் இசட்லிப் என்ற சுருக்க லைப்ரரியின் ஹெடர் கோப்புகளும் இருக்க வேண்டும். மூலத்தைப் பென் டிரைவில் விரிக்காதீர்கள். பென் டிரைவ்களில் வழக்கமான ஃபெட் வடிவத்தில் சிம்பொலிக் லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் கோப்பு) நிற்காது.

இனி எல்லாம் மூலத்துக்குள் இருக்கும் பில்ட்.எஸ்எச் என்ற ஒரே ஸ்கிரிப்ட்தான். முதலில் 'டூல்ஸ்' என்று கட்டளையிடுங்கள். இதை அவசரப்பட்டுத் தாண்டக்கூடாது. உங்கள் லினக்ஸின் கொம்பைலர் இங்கே ஒரு வேலைக்குத்தான்: நெட்பிஎஸ்டிக்கான மேக் (எதை எப்போது கட்டுவதென்று தீர்மானிக்கும் கருவி), அசெம்ப்ளர், லிங்கர், புதிய ஜிசிசி ஆகியவற்றைக் கட்டித் தருவது. அந்தப் புதிய ஜிசிசி உங்கள் கணினியில் ஓடும், ஆனால் ராஸ்பெரி பையில் உள்ள ஏஆர்எம் வகைப் புரோசசருக்கான நிரலை எழுதும். பிறகு வரும் கேர்னல், லைப்ரரி, கட்டளைகள் எல்லாவற்றையும் அதுவே கட்டும். லினக்ஸின் ஹெடர் ஒன்றுகூட உள்ளே கலக்காமல் இருப்பது இதனால்தான்.

ராஸ்பெரி பைக்கு மெஷின் பெயர் எவ்பார்ம், ஆர்க்கிடெக்சர் ஏஆர்ச்64. முன்னதைச் சின்ன எம், பின்னதைச் சின்ன ஏ ஒப்ஷனில் கொடுங்கள். பெரிய யூ போட்டால் ரூட் (நிர்வாகி) அனுமதி இல்லாமலே கட்டலாம். கோப்பின் உரிமையாளர், அனுமதி விவரங்கள் மெட்டாலொக் என்ற கோப்பில் பதிவாகி, கடைசியில் இமேஜுக்குள் (கார்டில் அப்படியே எழுதும் முழு வட்டுப் பிரதி) சரியாக ஏறும். பெரிய ஓவில் வெளியீட்டு ஃபோல்டரைக் குறிப்பிடுங்கள். ஒவ்வொரு புரோசசருக்கும் தனி ஃபோல்டர், இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஜே ஒப்ஷனில் கோர் எண்ணிக்கையைக் கொடுக்கலாம், 4 ஜிபி கணினியில் 2 போதும். டூல்ஸ் முடிந்ததும் அதே ஒப்ஷன்களோடு 'ரிலீஸ்' என்று கட்டளையிடுங்கள், முழு முறைமையும் கட்டப்படும்.

மலையில் மழைக்காலத்தில் கரண்ட் போகும். சித்திரை மாதத்துப் பின்னேர இடிமழை என்றால் சொல்லவே வேண்டாம். அதற்காகவே சின்ன யூ ஒப்ஷன் இருக்கிறது: செய்ததை அழிக்காமல் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் கரண்ட் திடீரென்று போனால் அளவு பூச்சியமான ஒப்ஜெக்ட் கோப்புகள் வட்டில் தங்கலாம். மேக் அவற்றின் நேரத்தை மட்டும் பார்த்து, வேலை முடிந்ததென்று நம்பிவிடும். ஃபைண்ட் கட்டளையால் தேடி அவற்றை நீக்கிவிட்டுத் தொடருங்கள். மூலநிரலைப் புதிய பதிப்புக்கு மாற்றினால் அதிலுள்ள அப்டேட்டிங் கோப்பை வாசியுங்கள், சந்தேகமென்றால் சின்ன யூவைக் கைவிட்டு முழுதாகக் கட்டுங்கள்.

கட்டி முடிந்ததும் விளைந்த ஒரு செய்நிரலை 'ஃபைல்' கட்டளையால் சோதியுங்கள். ஏஆர்எம் ஏஆர்ச்64 என்று வர வேண்டும். பிறகு ரிலீஸ்டிர் ஃபோல்டருக்குள் ஜிஇசட்ஐஎம்ஜி என்ற ஃபோல்டரில் இருக்கும் ஏஆர்எம்64 இமேஜை விரித்து, டிடி கட்டளையால் எஸ்டி கார்டில் எழுதுங்கள். எந்த டிஸ்க் என்று எல்எஸ்பிஎல்கே கட்டளையில் பார்த்த பிறகே எண்டரைத் தட்டுங்கள். முதல் தடவை பூட் ஆகும்போது அதுவே கார்டின் முழு அளவுக்கும் விரிந்துகொள்ளும்.

பழைய லெப்டொப்புக்கு அதே மூலம்தான்: மெஷின் பெயர் ஐ386, புதிய ஃபோல்டர், மறுபடி டூல்ஸ், ரிலீஸ். அதன்பின் 'இன்ஸ்டோல்-இமேஜ்' என்று கொடுத்தால் யூஎஸ்பியில் எழுதக்கூடிய இமேஜ் கிடைக்கும்.